ஷுக்ரி என்றால் என்ன

எங்கள் அலுவலகத்தில் மனிதர்களின் பெயர்கள் மனிதர்களோடு நிற்பதில்லை. சேர்ந்த முதல் நாளே இது காதில் விழுந்தது. மண்டையில்தான் ஏறவில்லை.

என் எதிர் மேசைக்காரன் பஸ்யூனி. அன்று காலை அவனே எழுந்து நின்று, "என்கிட்ட ஒரு பஸ்யூனி வந்திருக்கு, யாராவது ஓடி வாங்க!" என்று கத்தினான். தன் பெயரையே வியாதி மாதிரி சொல்கிறானே என்று விழித்தேன். ஆட்கள் போய்ப் பார்த்தார்கள், அவன் கம்ப்யூட்டரில் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. "இப்பத்தான் இருந்துச்சு, வல்லாஹி!" என்று சத்தியம் செய்தான். நாம் தனியாக இருக்கும்போது தலைகாட்டி, நாலு பேரைக் கூப்பிட்டதும் ஓடி ஒளிந்துகொள்கிற 'பக்' என்னும் புரோகிராம் கோளாறுக்குப் பெயர்தான் பஸ்யூனி என்று அரை நாள் கழித்துப் புரிந்துகொண்டேன்.

மற்றவையும் இப்படித்தான் மெல்ல மெல்லப் புரிந்தன. எங்கள் மேலாளர் தௌலத் மேடம் 'அஞ்சு நிமிஷ வேலை' என்று கொடுத்து, ஒரு மாதம் இழுத்தால் அது தௌலத். டீ போடும் கிர்கிஸ் மாமா ஒரு நாள் கெட்டிலைச் சொருக இடமில்லாமல் சர்வரின் வயரைப் பிடுங்கினாராம். டீ கொதித்ததும் திரும்பச் சொருகினாராம். மூன்று நாளாக ஐந்து பேர் தலையை உடைத்துக்கொண்டும் தீராத கோளாறு அத்தோடு தீர்ந்துவிட்டது. அன்றிலிருந்து எதையாவது அணைத்துப் போட்டால் அது கிர்கிஸ் பண்ணுவது. என் பக்கத்து நாற்காலி நக்வா அக்கா. பதினொரு வருடமாக இங்கே இருப்பவர். 'வியாழக்கிழமை வரைக்கும் தற்காலிகமா' என்று எழுதிப்போட்டு வருடக்கணக்கில் அசையாமல் நிற்கிற புரோகிராம் கோடு எதுவானாலும் அது நக்வா. இதைச் சொல்லி அவர் எதிரிலேயே சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஹானி என்று ஒருவன். அவனை நான் பார்த்ததே இல்லை. ஏழு வருடத்துக்கு முன்பே வேலையை விட்டு ஜெர்மனிக்குப் போய்விட்டான். இங்கே எது உடைந்தாலும் "ஹானி பண்ணினது" என்பார்கள், விசாரணை அத்தோடு முடிந்தது. ஊரில் இல்லாதவன் வந்து மறுக்கவா போகிறான்?

இனி என் கதை. என் பெயர் ஷுக்ரி. ஊர் தமன்ஹூர். அங்கே ஓர் உர வியாபாரியின் கிடங்கில் ஐந்து வருடம் ஒற்றை ஆளாகப் புரோகிராம் எழுதினேன். பின்னறையில் நான், ஒரு மின்விசிறி, சுவர் உயரத்துக்கு யூரியா மூட்டைகள். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது, முதலாளியைக் கேட்டால் "இது தெரியாமலா உனக்குச் சம்பளம்?" என்பார். அப்படியே ஐந்து வருடம். அலெக்சாந்திரியாவில் வேலை கிடைத்ததும் அம்மா தெருவுக்கே ஷர்பத் ஊற்றிக் கொடுத்தாள். மருந்துக்கடைகளிலிருந்து வீடுகளுக்கு மருந்து அனுப்பும் செயலி எங்களுடையது. மூன்று மாதம் சோதனைக் காலம். முடிகிற நாள் ஒரு வியாழன். அன்று 'இரு' என்று சொன்னால் இருக்கலாம், 'போ' என்று சொன்னால் திரும்பவும் அந்த மூட்டைகள். இங்கே ஏழு பேர் ஒரே தட்டிலிருந்து ஃபூல் என்கிற அவரை மசியலை வழித்துத் தின்றுகொண்டு ஒருவரை ஒருவர் வம்புக்கு இழுக்கிறார்கள். எனக்கு இந்த இடத்தை விட்டுப் போக மனமே இல்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்குக் கொடுத்த முதல் வேலையே ஒரு தௌலத்.

"என்ஜினியரே, சின்ன விஷயம்" என்றார் தௌலத் மேடம். எங்கள் ஊரில் கம்ப்யூட்டரைத் தொட்டவன் எல்லாம் என்ஜினியர்தான். "தினமும் மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆர்டர் எல்லாம் ஒம்பது நிமிஷம் நின்னுடுது. அப்புறம் தானா ஓடுது. அகமி பக்கத்துக் கடைக்காரங்க தொல்லை தாங்கல. அஞ்சு நிமிஷத்துல பாத்துடலாம்."

அந்த வேலைக்கு எண் 4417. நான் பதினோராயிரம் வரி கோடு படித்தேன். சர்வர் தன் பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் ஒன்றுதான் எழுதியிருந்தது: இரண்டு மணிக்கு ஹானி ஆர்டர் கதவை மூடினார், இரண்டு ஒன்பதுக்கு ஹானி கதவைத் திறந்தார். ஹானி! ஜெர்மனியில் இருக்கிறவன் எப்படி தினமும் இங்கே வந்து கதவைச் சாத்துவான்? தானாக ஓடுகிற ஏதோ ஒன்றை அவன் போகும்போது புதைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். அதைத் தேடித்தான் கிட்டத்தட்ட மூன்று மாதம். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமையும் நிற்கிறதா என்று வீட்டிலிருந்து பார்த்தேன், நின்றது. 'ஆகவே மனிதர் எவரும் காரணம் அல்ல' என்று குறிப்பேட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். ஆனால் சில நாள் இரண்டு மணிக்கு நிற்கவில்லை, இரண்டு மூன்றுக்கு நின்றது. ஒரு நாள் இரண்டு ஏழுக்கு. மெஷினுக்குக் கூடவா டிராம் தவறிப்போகும்? எனக்குப் பித்துப் பிடிக்காத குறை.

காலையில் எல்லோரும் வட்டமாக நின்று அவரவர் வேலையைச் சொல்வது வழக்கம். என் முறை வரும்போது நான் சொல்வது ஒன்றேதான்.

"4417. போயிட்டிருக்கு. கிட்ட வந்துட்டேன்."

4417 என்றால் என்ன என்று அந்த வட்டத்தில் மேடத்தைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இதற்கிடையில்தான் என் பெயர் கிளம்பியது.

இரண்டாம் மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. பஸ்யூனி கழுத்தைத் தேய்த்துக்கொண்டே நக்வா அக்காவிடம் சொன்னான்: "காலையிலேர்ந்து ஷுக்ரி பண்ணிட்டிருந்தேன் அக்கா. தலை வெடிச்சிடும் போல இருக்கு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. ஆபீஸில் என்னைத் தவிர வேறு ஷுக்ரி கிடையாது.

மறுநாள் நக்வா அக்கா யாரையோ போனில் அதட்டினார்: "ஷுக்ரி எல்லாம் வேணாம்மா, நேரா கடைக்கே போன் போடு."

புதன்கிழமை தௌலத் மேடமே வட்டத்தில் அறிவித்தார்: "இந்த வாரம் யாரும் ஷுக்ரி பண்ணக் கூடாது. நேரமில்ல."

என் பெயருக்கு அர்த்தம் வந்துவிட்டது, அது என்னவென்று எனக்கு மட்டும் தெரியாது. ஒரு பக்கம் குதூகலம்: பெயர் வைத்துவிட்டார்கள் என்றால் நம்மவன் என்று ஏற்றுக்கொண்டார்கள் என்றுதானே பொருள்? மறுபக்கம் கிலி: கெட்ட அர்த்தமாக இருந்தால் வியாழன் அன்று என்னை அனுப்பிவிட்டு, பெயரை மட்டும் இங்கேயே வைத்துக்கொள்வார்கள். ஹானிக்கு நடந்தது அதுதானே?

கேட்டிருக்கலாம். கேட்பதாவது! 'பாவம், இது கூடத் தெரியலையா' என்று ஒரு முகம் சுளித்தால் போதும், எனக்கு உயிர் போய்விடும். ஒருவருடைய பெயரின் அர்த்தத்தை அவருக்கே சொல்லக் கூடாது என்று இங்கே ஏதோ கட்டுப்பாடு இருக்கும் என்று நானே கற்பித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். ஒரு கோப்பு திறந்தேன். என் பெயர் வருகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் தேதி, மணி, சொன்னவர் பெயர் போட்டு எழுதிவைத்தேன்.

'ஷுக்ரி பண்ணித்தான் கண்டுபிடிச்சேன்' என்று பஸ்யூனி மார்தட்டினான். நல்லது. 'ரெண்டு மணி நேர ஷுக்ரி வீணாப்போச்சு' என்று அவனே மூக்கால் அழுதான். கெட்டது. 'சும்மா இரு, அவன் ஷுக்ரில இருக்கான்' என்று யாரோ. இது எந்தக் கணக்கில் சேரும்? ஒரு நாள் கிர்கிஸ் மாமா டீத்தட்டோடு வந்து, "சர்க்கரை டப்பாவைத் தேடி அரை மணி நேரம் ஷுக்ரி பண்ணியிருக்கான் இந்த பஸ்யூனி" என்று எல்லோரிடமும் புகார் சொன்னார். சர்க்கரைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? நான் டீக்கு நாலு ஸ்பூன் போடுகிறேன் என்று சொல்லிக்காட்டுகிறார்களா? அன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தேன். வாய்க்கு விளங்கவில்லை.

மெதுவாக வேலை செய்வதா? வெறிக்க வெறிக்கத் திரையைப் பார்ப்பதா? தலைவலியா? திருட்டுத்தனமா? நாற்பத்தொரு வாக்கியங்கள் சேர்ந்ததும், நல்லது பதினொன்று, கெட்டது பத்தொன்பது, புரியாதது பதினொன்று என்று கணக்கு வந்தது. கையால் எண்ணியதில் தப்பு இருக்குமோ என்று, எண்ணுவதற்கு ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். அதில் ஒரு பக் வந்தது. அதைச் சரிசெய்ய இரண்டு நாள். சரிசெய்த பிறகும் பதினொன்று, பத்தொன்பது, பதினொன்றுதான் வந்தது. அதில் எனக்கு ஒரு திருப்தி வேறு, வெட்கங்கெட்ட திருப்தி.

அந்த வியாழன் வந்தது. கடலிலிருந்து காற்று பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. தமன்ஹூர் ரயில் தாமதம். நனைந்த கோட்டோடு நான் உள்ளே நுழைந்தபோது தௌலத் மேடம் கண்ணாடி அறையிலிருந்து கையசைத்தார். அவர் மேசையில் இரண்டு உறைகள் இருந்தன. இரண்டும் ஒட்டி மூடியிருந்தன, இரண்டிலும் என் பெயர். கதவு திறந்தே கிடந்தது, வெளியே பஸ்யூனி காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது முதுகிலேயே தெரிந்தது.

"உக்காருப்பா. பயப்படாத" என்றார் மேடம். "எனக்கே குழப்பமா இருக்கு, அதான் ரெண்டு லெட்டரும் எழுதி வச்சிருக்கேன். கோடு சுத்தமா எழுதுற. இன்னைக்குத் தவிர ஒரு நாள் லேட் இல்ல. ஆனா 4417 அஞ்சு நிமிஷ வேலை..."

"தௌலத், மேடம்" என்றேன், வாய் தவறி.

"ஆமா, தௌலத்துதான், ஒத்துக்குறேன்" என்று சிரித்தார். "இருந்தாலும் கிட்டத்தட்ட மூணு மாசம்ப்பா. என்னதான் சிக்கல்? ஷுக்ரி பண்ணாம சொல்லு."

எனக்குள் ஏதோ அறுந்தது. நாலு வாரக் குழப்பம், சர்க்கரை குறைந்த டீ, நாற்பத்தொரு வாக்கியம் எல்லாம் சேர்ந்து வெளியே வந்துவிட்டன.

"மேடம், அல்லாஹ் மேல ஆணையா கேக்குறேன். ஷுக்ரின்னா என்ன?"

கத்திவிட்டேன் போலிருக்கிறது. வெளியே தட்டச்சுச் சத்தம் மொத்தமும் நின்றது. மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"யாரும் சொல்லலையா?"

"நான் கேக்கல."

வாசலில் பஸ்யூனி நின்றிருந்தான், அவன் பின்னால் நக்வா அக்கா. பஸ்யூனிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, ஆனாலும் சொன்னான்: "அடப்பாவி! விஷயம் தெரிஞ்ச ஆள் கைக்கெட்டுற தூரத்துல உக்காந்திருப்பாங்க. அவங்களை ஒரு வார்த்தை கேக்காம, நாமளே மண்ணைத் தோண்டித் தோண்டிச் சாகுறது. அதுதான் ஷுக்ரி. எல்லாரும் பண்றதுதான். நீ அதுல மன்னன், அதனால உன் பேரு."

"இது தெரிய எத்தனை நாளாச்சு உனக்கு?" என்று கேட்டார் நக்வா அக்கா.

"நாலு வாரம். ஒரு கோப்பு போட்டு எழுதிட்டு வர்றேன். எண்ணுறதுக்குப் புரோகிராம் கூட இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிக அவமானமாக இருந்தது. பஸ்யூனி மட்டும் மிகுந்த மரியாதையோடு, "புரோகிராமா..." என்றான்.

மானம் போனது போனதுதான் என்று ஆனபின் ஒருவித அசட்டுத் துணிச்சல் வந்தது. கேட்டதுதான் கேட்டாயிற்று, இன்னொன்றும் கேட்டுவிடலாம்.

"அக்கா, மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆர்டர் எல்லாம் ஏன் நிக்குது?"

"ரெண்டு மணிக்கா?" என்றார் அக்கா, மணி என்ன என்று கேட்டால் சொல்வது போல. "நான்தான் நிறுத்துறேன்."

மேடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "நீயா?"

"ஆமா. ஹானி போறப்ப சொல்லிட்டுப் போனான். ரெண்டு மணிக்குக் கிடங்குக் கணக்கு காப்பி ஆகும், மெஷினுக்குச் சக்தி பத்தாது, ஆர்டரும் சேந்து வந்தா ரெண்டும் முட்டிக்கும், அதனால கையால மூடி ஒம்பது நிமிஷம் கழிச்சுத் திறந்துவிடுங்க, வியாழக்கிழமைக்குள்ள நான் சரிபண்ணிடுறேன்னு. அவன் லாகினையே எனக்குக் கொடுத்தான். வியாழக்கிழமை வந்துச்சு, அவன் வரல."

"எந்த வியாழக்கிழமை?"

"ஏழு வருஷம் ஆச்சு."

"அந்த மெஷினை மாத்தி அஞ்சு வருஷமாச்சே, நக்வா!"

வெள்ளி, சனி, பெருநாள் எதுவானாலும் அக்கா வீட்டிலிருந்து மூடியிருக்கிறார். மர்ஸா மத்ரூஹுக்கு விடுமுறை போனபோது கடற்கரைக் குடையின் கீழ் லேப்டாப்போடு உட்கார்ந்து மூடியிருக்கிறார். எனக்குப் பைத்தியம் பிடிக்கவைத்த அந்த இரண்டு மூன்றும் இரண்டு ஏழும் அக்கா பஸ்ஸில் மாட்டிக்கொண்ட நாட்கள். நான் தேடின ஹானி என் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தினமும் என்னோடு ரொட்டியைப் பிய்த்துத் தின்றிருக்கிறார். நான் மேடத்தைப் பார்த்தேன், மேடம் அக்காவைப் பார்த்தார், அக்கா தன் விரல்களைப் பார்த்தார். மூன்று பேரில் யார் அதிக முட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

அன்று மதியம் மொத்த அலுவலகமும் அக்காவின் நாற்காலியைச் சுற்றி நின்றது. கிர்கிஸ் மாமா கூட டீயை அடுப்பில் விட்டுவிட்டு வந்துவிட்டார். இரண்டு மணி ஆனது. அக்காவின் கை தானாகவே போனது, பஸ்யூனி அதைப் பிடித்துக்கொண்டான். ஆர்டர்கள் வந்துகொண்டே இருந்தன. அகமி, மியாமி, அகமி, சீதி பிஷ்ர் என்று அலெக்சாந்திரியாவின் பேட்டைகள் வரிசையாக. கிடங்குக் கணக்கு ஒரு பக்கம் காப்பி ஆகி, நாற்பது வினாடியில் முடிந்தும் போனது. எதுவும் எதனோடும் முட்டவில்லை.

எல்லோரும் கை தட்டினோம். அக்கா தட்டவில்லை.

"யாரையாவது ஒரு தடவை கேட்டிருக்கலாம்" என்றார், யாருக்கும் சொல்லாமல்.

தௌலத் மேடம் வந்து என் கையில் ஓர் உறையைத் திணித்தார். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி உறைகள், என் பெயரைத் தவிர வெளியே ஒரு குறியும் இல்லை. பழைய ஷுக்ரியாக இருந்தால் பையில் போட்டுக்கொண்டு ரயிலில் போய், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, எடையை வைத்து ஊகித்திருப்பேன்.

"மேடம், இது எது?"

"இருன்னு சொல்றது" என்றார். "இப்படியே கேட்டுத் தொலைச்சுக்கிட்டு இரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நனைந்த கோட்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பஸ்யூனி ஓடிப்போய் எல்லோருக்கும் ஈரல் சாண்ட்விச் வாங்கி வந்தான். அன்று என் டீயில் ஐந்து ஸ்பூன் சர்க்கரை.

எங்களுக்கு வேலை வாரத்தின் முதல் நாளான ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரைக்கு நக்வா அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் அவரை அந்த நேரத்தில் அந்த நாற்காலியில் அல்லாமல் பார்த்ததே இல்லை. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் போனார். எங்கே போகிறார் என்று யாரும் கேட்கவும் இல்லை. திங்கட்கிழமை காலையில் நான்தான் கேட்டேன்.

"லுப்னா ஸ்கூலுக்குப் போனேன்" என்றார் அக்கா. லுப்னா அவர் ஒரே மகள். "ஸ்கூல் ரெண்டு மணிக்கு விடும். அவ ரெண்டாம் வகுப்புல இருந்தப்ப, எல்லா அம்மாவும் ஸ்கூல் கேட்டுக்கு வர்றாங்க நீ மட்டும் வரலன்னு தினம் அழுவா. நான் இங்க கதவை மூடிட்டிருப்பேன். அடுத்த வியாழக்கிழமைலேர்ந்து வர்றேன்டி கண்ணுன்னு சொல்லிட்டே இருந்தேன். அப்புறம் அவ கேக்கறதை விட்டுட்டா. நேத்து போய் ஸ்கூல் கேட்டுல நின்னேன். இப்ப என்னை விட உயரமா இருக்கா. ஃபிரெண்ட்ஸோட சிரிச்சுட்டு வந்தவ, என்னைப் பாத்ததும் முகம் வெளுத்து ஓடி வந்தா."

"வந்து?"

"'யாரும்மா செத்துட்டாங்க?'ன்னு கேட்டா."

பஸ்யூனி பக்கென்று சிரித்துவிட்டான். அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றி வைத்தார், நெடுநேரம் அதை எடுக்கவில்லை. சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, நான் இப்ப என்ன பண்ணணும்?"

"தெரியலப்பா" என்றார் அக்கா. "எனக்கும் தெரியல."